மாத்திரை யாருக்கு

சர்வேயரோடு காலையில் நடக்கப் போவதைவிட, ஸ்டியரிங்கையே தொட்டுப் பார்க்காத பத்துப் பேரோடு நாள் முழுக்கக் காரில் சுற்றலாம் என்று அவளுக்குத் தோன்றும். சர்வேயர் அவளுடைய கணவர். நிலம் அளக்கும் வேலை. வெயிலிலும் சேற்றிலும் நடந்தே சம்பாதித்தவர் என்பதால், நடந்தால் தீராத நோய் உலகத்தில் கிடையாது என்பது அவர் கட்சி. தலைவலியா, நட. தூக்கம் வரவில்லையா, நட. அலுவலகத்தில் யாரோடாவது சண்டையா, அதற்கும் நட. மனைவிக்கு மூச்சு வாங்குகிறது என்று தெரிந்ததும் அவர் செய்த முதல் காரியம், கடைக்குப் போய் அவளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்ததுதான்.

தெருவிளக்குக் கம்பம் ஒன்று தாண்டி முன்னால் போய் நின்றுகொண்டு திரும்பிப் பார்ப்பார். "கையை வீசி நட. கையை வீசினா காத்து தானா உள்ள போகும்" என்பார். அவளுக்கு அந்த இடத்தில் சொல்வதற்கு நாக்கு நுனியில் நிறைய இருந்தது. ஆனால் புருஷனோடு சண்டை போடுவதற்கும் மூச்சு வேண்டுமே. ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டு, வாயைத் திறந்தபடி நிற்க வேண்டிவரும். அது தோற்றுப்போனது மாதிரி இருக்கும். அதனால் பேசாமல் நிற்பாள்.

நிற்பதற்கு அவளிடம் சாக்குகள் இருந்தன. ஷூ கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டுவாள். வராத போனை எடுத்துக் காதில் வைப்பாள். யார் வீட்டு வாசலிலோ பூத்திருக்கும் செடியை ஏதோ ஆராய்ச்சி செய்கிறவள் மாதிரி குனிந்து பார்ப்பாள். அந்த வீட்டுக்காரம்மா ஒரு நாள் வெளியே வந்து, கன்று வேண்டுமா என்று கேட்டுக் கையில் ஒன்றைத் திணித்தும் விட்டாள். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியதுதான் மிச்சம்.

வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். கற்றுக்கொள்கிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால், அவளுடைய கால் எப்போதும் அங்கே ஆசிரியருக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான். அதனால் அவளுக்குப் 'பிரேக்கக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது. உட்கார்ந்திருக்கும்வரை அவளுக்கு ஒரு குறையும் இல்லை. சொல்வதைத் திருத்தமாகச் சொல்வாள், தேவையென்றால் திட்டவும் செய்வாள். காரைவிட்டு இறங்கி நடந்தால்தான் வம்பு. வண்டியை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தச் சொல்வாள். எல்லோரும் அதை அதிகாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. முதலாமவர் அவள் எடையைப் பார்த்துவிட்டு, வேறு எதையும் பார்க்கவில்லை. உடம்பைக் குறைங்கம்மா, எல்லாம் சரியாயிடும் என்று எழுந்துகொண்டார். இரண்டாமவர் ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சும் மருந்து கொடுத்தார். ஆறு மாதம் உறிஞ்சினாள். வாய் கசந்ததே தவிர, படி குறையவில்லை. மூன்றாமவர் நிதானமானவர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, வீட்டில் ஏதாவது மனக்கஷ்டமா, கணவர் எப்படி என்று கேட்டார். வீட்டில் இருக்கும் ஒரே கஷ்டம் வீடு மாடியில் இருப்பதுதான் என்று அவள் சொன்னாள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

இதற்கெல்லாம் நடுவில் நாத்தனார். சர்வேயரின் அக்கா. அதே கட்டடத்தில் கீழ்வீடு அவளுடையது. மாடிப்படி அவள் வாசலை ஒட்டித்தான் தொடங்கும். காய்கறிப் பையோடு வருகிறவள் அங்கே முதல் படியில் உட்காராமல் மேலே போக முடிவதில்லை. உட்கார்ந்த மாத்திரத்தில் கதவு திறக்கும். "என்ன, வீடு மறந்துபோச்சா?" என்று நாத்தனார் கேட்பாள். தன் முட்டிவலியோடு தான் எப்படி எல்லாம் ஓடியாடி வேலை செய்கிறேன் என்று ஆரம்பிப்பாள். பிரேக்கக்கா கையைக் காட்டிச் சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பு மரியாதையால் வந்ததல்ல. பதில் சொல்ல மூச்சு இல்லாததால் வந்தது.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. பிறகு மேம்பாலத்தில் அந்தச் சம்பவம்.

அன்று வண்டி ஓட்டியது வங்கியில் கேஷியராக இருக்கும் ஒரு பெண். நல்ல பெண்தான், ஆனால் பயந்த சுபாவம். பாலத்தின் ஏற்றத்தில் பாதி போனதும் என்ஜின் நின்றுவிட்டது. கேஷியர் தன் தப்பு என்று அழத் தொடங்கினாள். அவள் தப்பே இல்லை, பெட்ரோல் மேலே ஏறவில்லை. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கொஞ்ச தூரம் தள்ளினால் ஓரத்தில் ஒதுக்கிவிடலாம். பிரேக்கக்கா இறங்கி, கேஷியரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்க் கை வைத்துத் தள்ளினாள். வண்டி அசைந்தது. அதற்கப்புறம் அவளுக்கு நினைவில் இருப்பது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும், வாயில் ஏதோ உலோக ருசி வந்ததும்தான்.

கண் விழித்தபோது ஒரு வேனில் படுத்திருந்தாள். அவள் தலை கேஷியரின் மடியில் இருந்தது. கார் என்னாச்சு என்று கேட்டாள். கேஷியருக்கு அழுகை நின்று கோபம் வந்திருந்தது. "கார் கெடக்குது விடுங்கக்கா. ஒதடெல்லாம் நீலமா இருக்கு உங்களுக்கு."

பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு சின்ன வயது பெண் டாக்டர். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். கழுத்து நரம்பைப் பார்த்தார். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பிறகு இதயத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சில நாட்கள் கழித்து தொடை நரம்பு வழியாக ஒரு மெல்லிய குழாயை இதயம்வரை விட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். எல்லாம் முடிந்ததும் டாக்டர் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"இதயத்தோட வலது பக்கம்தான் நுரையீரலுக்கு ரத்தத்தைத் தள்ளுது. உங்களுக்கு அந்த ரத்தக்குழாயெல்லாம் இறுகிப்போயிருக்கு. உட்கார்ந்திருந்தா இதயம் எப்படியோ சமாளிச்சுடுது. நடந்தா, படி ஏறினா, அதால முடியலை. இதைச் சோம்பல்னும் சொல்ல முடியாது, பயம்னும் சொல்ல முடியாது. எத்தனை நாளா இருக்கு?"

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். எத்தனை நாளா என்று இப்போது கேட்கிறார்களே. கேட்க வேண்டிய ஆட்கள் கேட்காமல் போனதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் கொட்டுவது நியாயமில்லை என்று தெரிந்தது. ஆனாலும் கொட்டினாள். எடையைச் சொன்னார்கள், ஆஸ்துமா என்றார்கள், மனசு என்றார்கள், கையை வீசி நட என்றார்கள். கடைசி ஒன்றைச் சொல்லும்போது கட்டிலின் மறுபக்கம் நின்ற சர்வேயரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழுசாகக் குணமாகாது, ஆனால் மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், நிறைய பேர் வருஷக்கணக்கில் நன்றாக இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் போன பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நான் சோம்பேறி இல்லை."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார் அவர்.

"ஷூ வாங்கிக் கொடுத்தீங்களே."

அன்றிலிருந்து மனிதர் தலைகீழாக மாறிப்போனார். அதுதான் அடுத்த தலைவலி. வீட்டில் அவளை எழுந்திருக்கவே விடவில்லை. சமையலறையில் ஒரு நாற்காலி, குளியலறையில் ஒரு ஸ்டூல், பால்கனியில் ஒன்று. அவள் தண்ணீர் எடுக்க எழுந்தால், பக்கத்து அறையிலிருந்து "உட்காரு, உட்காரு" என்று ஓடிவருவார். தூங்கும்போது மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்து, "அன்னைக்கு நட நடன்னு உசுர வாங்கினீங்க. இன்னைக்கு நடக்காத நடக்காதன்னு வாங்குறீங்க. நடுவுல எதுவும் கிடையாதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

போனில் விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் சொன்னது "பிரஷர்" என்று. நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் என்று விளக்கிக்கொண்டிருக்க அவருக்குப் பொறுமை இல்லை. பிரஷரா, எனக்கும்தான் இருக்கு, உப்பைக் குறைச்சா போதும் என்று உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நாத்தனார் கீழேயிருந்து உப்பில்லாத ரசம் செய்து அனுப்பினாள். அதை வாயில் வைக்க முடியவில்லை.

மருந்துக்கடை விஷயம் அதைவிட மோசம்.

டாக்டர் எழுதிய மாத்திரைகளில் முக்கியமானது ஒன்று. நுரையீரல் ரத்தக்குழாய்களைத் தளர்த்துவது. அதே மாத்திரைக்கு ஊர் அறிந்த இன்னொரு வேலையும் உண்டு. ஆண்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து வாங்கும் மாத்திரை அது. டாக்டர் இதைச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சர்வேயர் அப்போது தலையாட்டினாரே தவிர, காதில் வாங்கவில்லை.

தெருமுனைக் கடையில் சீட்டை நீட்டினார். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார், திரும்பச் சீட்டைப் பார்த்தார். கவுண்டர்மேல் குனிந்து, நெஞ்சுவலி ஏதும் இல்லையே சார் என்று அக்கறையாகக் கேட்டார். மேலே அவள் பெயர் எழுதியிருப்பதைக் காட்டி, வீட்டம்மா பேர்ல எழுதி வாங்கினது நல்ல யோசனைதான் என்று கண்ணைச் சிமிட்டினார். கடைசியில் அளவைப் படித்தபோது அவர் குரலே மாறிப்போனது. "மூணு வேளையா சார்? தினமுமா?"

பின்னால் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சர்வேயர் ஒரு சத்து மாத்திரை டப்பாவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அந்த மருந்து ஸ்டாக் இல்லை என்றார். மறுநாள் வேறு கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அங்கேயும் ஸ்டாக் இல்லை என்று வந்தார். அவளுக்குக் கால் மறுபடி வீங்க ஆரம்பித்திருந்தது. ஒரு வேளைகூட விடக் கூடாது என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்க, இந்த மனிதர் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறாரே என்று சந்தேகம் வந்தது. கிடுக்கிப்பிடி போட்டதில் உண்மை வெளியே வந்தது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. செருப்பை மாட்டினாள். வேண்டாம், நான் போறேன் என்று அவர் கெஞ்சினார். படியில் நின்று நின்று இறங்கி, காரில் தெருமுனைவரை போய், கடைக்குள் ஏறிச் சீட்டைக் கவுண்டரில் வைத்தாள். கடைக்காரர் அவளையும் பின்னால் நின்ற சர்வேயரையும் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அவள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வரும்வரை காத்திருந்தாள். பிறகு இடையிடையே நிறுத்தி, ஆனால் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மாத்திரை எனக்கு. என் நுரையீரல்ல ரத்தக்குழாய் இறுகிக் கெடக்கு. அதைத் தளர்த்துறதுக்கு. மூணு வேளை. தினமும். உசுரு இருக்குற வரைக்கும் வேண்டியிருக்கலாம். இன்னும் ஏதாவது தெரியணுமா?"

கடைக்காரர் அட்டைகளை எண்ணி வைத்தார். வரிசையில் நின்ற வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மட்டும், அப்ப அது நுரையீரலுக்கும் கேக்குமா என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்ல விசாரித்தார். சர்வேயர் காருக்குத் திரும்பியதும் சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம், இனிமே நானே வாங்குறேன் என்றார். வாங்கவும் செய்தார். ஆனால் கடையில் நுழைந்ததும் "என் மனைவிக்கு, நுரையீரலுக்கு" என்று கேட்காமலே உரக்க அறிவிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தலைவலி மாத்திரை வாங்கப் போனாலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பித்தார்.

மருந்து பிடிக்கத் தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். சர்வேயருக்குத் தலை சுற்றியது. நடக்கலாமா, கூடாதா, யாராவது ஒரே பேச்சாகப் பேசுங்கள் என்று பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சண்டைக்கே போய்விட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நடக்கணும், ஆனா பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகத்துல நடக்கணும், பேச்சு உடைஞ்சா நின்னுடணும், தலை சுத்தினா உட்கார்ந்துடணும் என்றாள். கூட வருகிறவர் முன்னால் போகக் கூடாது, பின்னால்தான் வர வேண்டும் என்றும் சொன்னாள்.

நீளமான கூடம் அது. அவள் விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு நடப்பாள். அவளோடு சேர்ந்து நடந்தவர்களில் ஒருவர் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். மூக்கில் குழாய், கையில் சின்ன சிலிண்டர் வண்டி. இரண்டிரண்டு வார்த்தையாகத்தான் பேசுவார். "உன் ஆளு," என்பார். மூச்சு எடுப்பார். "நல்லா தவிக்கிறாரு." சர்வேயர் பின்னால் வருவது உண்மையிலேயே பார்க்கச் சகிக்காது. குட்டிக் குட்டி அடி வைத்து, கால் தடுக்கி, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வருவார். ஆனால் ஒரு தடவைகூட அவளைத் தாண்டிப் போகவில்லை.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்தால் அதே மாடிப்படி. அதற்கு மட்டும் ஒருவரிடமும் மருந்து இல்லை.

இதற்கிடையில் நாத்தனார் பேசுவதை நிறுத்தியிருந்தாள். தம்பி கீழே வந்தால் கதவைச் சாத்துவாள். ரசம் வருவது நின்றது. அதில் பிரேக்கக்காவுக்கு வருத்தமில்லை. ஆனால் காரணம்தான் புரியவில்லை. சர்வேயர் தான் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்து யோசித்து, எப்போதோ அக்காவின் வீட்டுக் குழாயைச் சரிசெய்யாமல் விட்டதைக் கண்டுபிடித்து, போய்ச் சரிசெய்துவிட்டும் வந்தார். அப்படியும் அவள் முகம் கொடுக்கவில்லை.

ஒரு மத்தியானம் பிரேக்கக்கா பயிற்சியிலிருந்து தனியாகத் திரும்பி, வழக்கம்போல முதல் படியில் உட்கார்ந்தாள். கதவு திறந்தது. நாத்தனார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உங்க குப்பையையும் சேர்த்துப் பிரிக்கும்போது அட்டையைப் பார்த்தேன். ஒண்ணு ரெண்டு இல்ல, அவ்ளோ அட்டை. என்ன மாத்திரைன்னு போன்ல போட்டுப் பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "தம்பிக்கு என்ன வயசாகுது? இந்த வயசுல அவனுக்கு இதெல்லாம் தேவையா? நீயாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? பாரு, உன்னை எந்தக் கதிக்கு ஆளாக்கி வச்சிருக்கான். மாடி ஏற முடியாம இப்படிப் படியில உக்காந்து கெடக்குற. இவ்வளவு நாள் நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்."

பிரேக்கக்காவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகும் குலுக்கம் நிற்கவில்லை. மூச்சு உள்ளே போகிறது, போதவில்லை. இன்னொன்று இழுத்தாள், அதுவும் போதவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலையை முழங்காலில் வைத்தாள். நாத்தனார் இதற்கு முன் அவளை அவ்வளவு பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. உதடு நிறம் மாறுவதைப் பார்த்தாள். கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்க உள்ளே ஓடி, பாதியில் திரும்பி ஓடிவந்து, அவள் முதுகைத் தடவினாள். யாரையாவது கூப்பிடட்டுமா என்று கேட்டாள். பிரேக்கக்கா வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது. அடங்க எடுத்த நேரம் நாத்தனாருக்கு ஒரு யுகம் மாதிரி இருந்தது.

பிறகு பிரேக்கக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இது ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பிரஷர் இல்லை என்பதிலிருந்து, மாத்திரை யாருக்கு என்பதுவரை. நாத்தனார் அவள் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து கேட்டாள்.

"எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லலை?"

"ரெண்டு வருஷமா இதே படியில உக்காந்துதானே சொன்னேன், அண்ணி."

நாத்தனார் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபித்துக்கொண்டாள் என்றுதான் பிரேக்கக்கா நினைத்தாள். அன்று முழுக்க அந்த எரிச்சலோடே இருந்தாள். நோய் தனக்கு, மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வது அடுத்தவர்களா என்று சர்வேயரிடம் பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் காலை நாத்தனார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. தம்பியைப் பார்த்துச் சொன்னாள்: "சாமானை எல்லாம் கட்டு. நான் மேல வந்துடுறேன், நீங்க கீழ போங்க."

முட்டிவலியோடு எப்படி என்று சர்வேயர் இழுத்தார். முட்டி வலிச்சா முனகிக்கிட்டே ஏறிடுவேன், அவளால முனகக்கூட முடியலை என்றாள் நாத்தனார். அதற்குமேல் யாரும் பேச அவள் இடம் வைக்கவில்லை. நிபந்தனைகள் மட்டும் போட்டாள். கீழ்வீட்டு ஜன்னல் திரையைக் கழற்றக் கூடாது. சமையலறையில் ஆணி அடிக்கக் கூடாது. வாசல் தொட்டிகளுக்கு மாலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். வாரத்துக்கு ஒரு தடவை வந்து பார்ப்பேன் என்றும் சொன்னாள். வாரத்துக்கு ஒரு தடவை என்பது தினமும் இரண்டு தடவை ஆயிற்று.

பிரேக்கக்காவுக்கு நோய் போய்விடவில்லை. சில நாள் குளித்து முடித்தாலே களைத்துப் போகிறாள். சில நாள் தெருக்கோடிவரை போய் வருகிறாள். மாதக்கணக்கில் மருந்து எடுத்து, திரும்பச் சோதனையெல்லாம் செய்த பிறகு, காலை வேளையில் மட்டும் வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். சாலைக்குப் போகக் கூடாது, மைதானத்துக்குள்ளேயே கற்றுக்கொடுக்க வேண்டும். பள்ளி முதலாளி முகத்தைச் சுளித்தார். புதுசாகச் சேர்ந்தவர்கள் எல்லோரும் மைதானத்தில்தானே முட்டிமோதப் போகிறார்கள் என்று அவள் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

வேலை முடிந்து வந்து மத்தியானம் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுப்பாள். சரியாக அந்த நேரத்தில்தான் மேலே நாத்தனார் கட்டிலை இழுப்பாள். கூடத்திலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து கூடத்துக்கு. மேலே நேற்று இருந்த காற்று இன்று வேறு பக்கம் அடிக்கிறதாம். கூரை அதிரும். கத்திச் சொல்லலாம் என்றால் அவளுக்கு மூச்சு போதாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"அண்ணி, கொஞ்சம் தூங்க விடுங்க. கட்டிலை ஒரே எடத்துல போட்டா என்ன?"

"உனக்காகத்தானே மேல வந்தேன்" என்றாள் நாத்தனார். "சத்தத்தை நீதான் பொறுத்துக்கணும்."

போனை வைத்துவிட்டாள். கட்டில் இன்னும் ஒரு தடவை நகர்ந்தது. பிரேக்கக்கா தலையணையைக் காதின்மேல் போட்டுக்கொண்டு, மாத்திரை நேரம் ஆகிவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்தாள்.